பாகுபலிக்கு காமிக்ஸ் இருக்கு, கார்ட்டூன் இருக்கு, நாவலும் இருக்கு... இதுல எது ‘நிஜக் கதை’?

திருவேங்கடம் மாதிரி ஊர்ல போய் “கேனான்” என்று சொன்னால் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியின் பிரின்டரைத்தான் கை காட்டுவார்கள். மீதிப் பேர் கல்யாண வீட்டு கேமராமேனை. ஆனால், ஊர் பையன்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். அங்கே இது சண்டையைக் கிளப்பும் வார்த்தை.

2025 நவம்பரில் ‘பாகுபலி: தி எடர்னல் வார்’ அனிமேஷன் படத்தின் டீசர் வந்தது. கட்டப்பாவின் வாளுக்கு இரையான அமரேந்திர பாகுபலி, செத்த பிறகு மேலோகம் போகிறார். இந்திரன் ஒருபக்கம், விஷாசுரன் ஒருபக்கம். நடுவில் நம்ம ஆள். டீசர் வந்த சூட்டோடு குரூப்பில் முதல் மெசேஜ்: “ஏலே, அப்போ செத்தவன் சாகலையா?” இரண்டாவது மெசேஜ்: “இதெல்லாம் கேனான்ல சேராதுலே, சும்மா கார்ட்டூன்.” மூன்றாவது மெசேஜிலிருந்து ராத்திரி ஒரு மணி வரை நடந்ததை இங்கே எழுத முடியாது.

கேனான் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கதை உலகத்தில் ‘இது நிஜமாகவே நடந்தது’ என்று கணக்கில் வருவது. கணக்கில் வராதது, ரசிகர்களுக்குப் போட்ட எக்ஸ்ட்ரா சாம்பார். சரி, அந்தக் கணக்கை எழுதுவது யார்? எடுத்தவரா, பணம் போட்டவரா, பார்க்கிற நாமா?

சண்டை சின்னதாகத் தெரியலாம். ஆனால் இனி வரும் பெரிய படங்கள் எல்லாமே தனியாக வரப்போவதில்லை. கூடவே ஒரு அனிமேஷன், ஒரு காமிக்ஸ், ஒரு கேம் என்று வால் பிடித்துக்கொண்டுதான் வரும். ‘கல்கி 2898 ஏடி’ தியேட்டருக்கு வருவதற்கு முன்பே, 2024 மே கடைசியில், ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ அனிமேஷன் அமேசான் பிரைமில் வந்துவிட்டது. அந்த வாலையும் பார்த்தால்தான் கதை புரியும் என்றால், அந்தச் செலவு யார் தலையில்?

‘லியோ’ நேரத்துல நாம பேசினதும் இதுதான்

கேனான் வெளிநாட்டு நோய் என்று நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் ஒட்டுமொத்தத் தமிழ்நாடும் கேட்டது ஒரே கேள்விதான்: “லியோ எல்சியூ-ல வருதா, இல்லையா?” ‘கைதி’யும் ‘விக்ரம்’மும் ஒரே உலகம் என்று 2022-லேயே உறுதியாகிவிட்டது. ‘லியோ’வில் நெப்போலியன் கான்ஸ்டபிளாக ஜார்ஜ் மரியான் வந்து நின்றதும் தியேட்டரில் விசில் பறந்ததே, அது வெறும் நடிகருக்கு விழுந்த விசில் இல்லை. ‘கணக்கில் வந்துருச்சு’ என்பதற்கு விழுந்த விசில்.

அதற்கப்புறம் இன்னொரு கூத்து. லியோவின் ஃபிளாஷ்பேக் இழுவையாக இருக்கிறது என்று விமர்சனம் வந்தபோது, அது மன்சூர் அலிகான் பாத்திரம் தன் பார்வையில் சொல்கிற கதை, அது பொய்யாகவும் இருக்கலாம் என்று லோகேஷ் கனகராஜ் பேட்டியில் சொன்னார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். “டைரக்டரே சொல்லிட்டார், அப்போ அது பொய்தான்” என்றது ஒரு கோஷ்டி. “படத்துல இல்லாததை யூடியூப்ல வந்து சொன்னா கணக்குல எடுக்க முடியாது” என்றது இன்னொன்று.

இரண்டாவது கோஷ்டி சொன்னதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

மகிழ்மதிக்கு எத்தனை வரலாறு?

பாகுபலி கதைக்கு வருவோம். 2015-லும் 2017-லும் வந்த இரண்டு படங்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரச்னை அதற்குப் பிறகு.

2017-ல் ஆனந்த் நீலகண்டன் எழுதிய ‘தி ரைஸ் ஆஃப் சிவகாமி’ நாவல் வந்தது. சிவகாமியின் அப்பா ராஜத்துரோகி என்று கொல்லப்பட்டவர், சிவகாமியே மகிழ்மதி மீது வஞ்சினம் வைத்து வளர்ந்தவர் என்று அதில் கதை போகிறது. கட்டப்பாவுக்கு சிவப்பா என்று ஒரு தம்பி வேறு. அடிமை வாழ்க்கை வேண்டாம் என்று துடிக்கிற தம்பி. இரண்டு படத்தையும் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் சிவப்பா என்ற பெயரை நீங்கள் கேட்க முடியாது.

அதே 2017-ல் அமேசான் பிரைமில் ‘பாகுபலி: தி லாஸ்ட் லெஜண்ட்ஸ்’ அனிமேஷன் தொடர் வந்தது. பாகுபலியும் பல்லாளதேவனும் இளைஞர்களாக, அரியணைக்குப் போட்டியாளர்களாக இருந்த காலத்துக் கதைகள். தயாரித்தது கிராஃபிக் இந்தியா. அதே நிறுவனம் பாகுபலி காமிக்ஸும் போட்டது. 2024 மே 17-ல் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரில் ‘கிரவுன் ஆஃப் பிளட்’ என்று இன்னொரு அனிமேஷன் தொடர். அதில் ரக்ததேவன் என்ற புது வில்லனை எதிர்த்து அண்ணன் தம்பி கைகோக்கிறார்கள். இப்போது ‘எடர்னல் வார்’. 2027-ல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இது ‘பாகுபலி 3’ கிடையாது என்று ராஜமௌலியே சொல்லிவிட்டார்.

நாவலை வைத்து நெட்ஃபிளிக்ஸ் 2018-ல் அறிவித்த ‘பிஃபோர் தி பிகினிங்’ தொடர் இன்று வரை வெளிவரவே இல்லை. ஆக, சிவகாமியின் இளமைக் காலம் புத்தகம் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

இதில் எது கணக்கு? அனிமேஷனைப் பொறுத்தவரை ராஜமௌலி பெயர் மேலே இருக்கிறது, அதனால் கணக்கில் வரும் என்று ஒரு வாதம். ஆனால் படத்தின் உணர்ச்சியையே யோசித்துப் பாருங்கள். பல்லாளன் மனசுக்குள் பொறாமை ஊறிப்போய்க் கிடக்கிறது என்பதுதான் படத்தின் அஸ்திவாரம். எபிசோடுக்கு எபிசோடு அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று நாட்டைக் காப்பாற்றினார்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால் அந்த அஸ்திவாரம் பலமாகுமா, ஆட்டம் காணுமா? பலமாகிறது என்று நினைப்பவர்கள் உண்டு: ‘இவ்வளவு கூடவே நின்னவன்தான் கடைசில முதுகுல குத்தினான்.’ ஆட்டம் காண்கிறது என்பவர்களும் உண்டு. ஒரே காட்சி, இரண்டு வலி. கேனான் சண்டையின் அடியில் இருப்பது பெரும்பாலும் இந்த வலிதான். “நான் அழுத காட்சிக்கு அர்த்தத்தை மாத்தாதே” என்பதுதான் அந்தச் சண்டையின் மொழிபெயர்ப்பு.

காமிக்ஸ் படிக்காதவன் தலையில் விழுந்த இடி

இந்த விஷயத்தில் உலக உதாரணம் ஒன்று உண்டு. ‘யங் ஜஸ்டிஸ்’. 2010-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய சூப்பர் ஹீரோ அனிமேஷன் தொடர். பேட்மேன், சூப்பர்மேன் போன்ற பெரிய தலைகளின் சிஷ்யப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு டீம் அமைப்பார்கள். காட்சிக்குக் காட்சி தேதி, நேரம் எல்லாம் திரையில் ஓடும். அவ்வளவு கறாரான கணக்கு.

அந்தத் தொடருக்கு 2011-லிருந்து 2013 வரை டிசி நிறுவனம் காமிக்ஸ் போட்டது. பூஜ்ஜியத்தில் தொடங்கி 25 வரை, மொத்தம் 26 இதழ்கள். பெரும்பகுதியை எழுதியவர்கள் கிரெக் வைஸ்மேன், கெவின் ஹாப்ஸ். வைஸ்மேன், பிராண்டன் வியட்டியோடு சேர்ந்து தொடரை உருவாக்கி நடத்தியவர். ஹாப்ஸ் தொடரின் எழுத்தாளர். இரண்டு எபிசோடுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை காமிக்ஸ் சொல்லும், அதே தேதி நேரத்தோடு. “காமிக்ஸும் கணக்குதான்” என்று வைஸ்மேன் தெளிவாகச் சொல்லிவிட்டார். எழுதியவர் கையாலேயே எழுதப்பட்ட காமிக்ஸ், கணக்கில் வராமல் எப்படிப் போகும்?

இதுவரை சந்தோஷம். இனிமேல்தான் இடி. (ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

முதல் சீசனுக்கும் இரண்டாம் சீசனுக்கும் நடுவே கதையில் ஐந்து வருட இடைவெளி. திரும்பி வந்து பார்த்தால் டீம் லீடராக இருந்த ஆக்வாலாட் எதிரணியில் நிற்பார். காரணம் கேட்டால், அவர் நேசித்த டூலா இறந்துவிட்டார் என்று வசனத்தில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஒரு நாயகனையே புரட்டிப்போட்ட மரணம், தொடரில் காட்சியாக இல்லை. அது எங்கே இருக்கிறது தெரியுமா? 2013-ல் வந்த ‘யங் ஜஸ்டிஸ்: லெகசி’ என்ற வீடியோ கேமில். அந்த கேம் வைத்திருந்தால் டூலாவுக்காக அழலாம். இல்லையென்றால் வசனத்தைக் கேட்டுத் தலையாட்டலாம்.

இங்கேதான் ‘கணக்கில் வருமா’ என்ற கேள்வி ‘கைக்கு எட்டுமா’ என்ற கேள்வியாக மாறுகிறது. மாசம் ஒரு ரீசார்ஜ் போட்டு, அதில் இலவசமாக வரும் ஓடிடியில் தொடர் பார்க்கிற பையன் ஒருவன். அமெரிக்காவில் அச்சாகி, இங்கிலீஷில் மட்டும் வரும் காமிக்ஸை இறக்குமதி விலை கொடுத்து வாங்கினால்தான் உனக்கு முழுக்கதை என்றால், அவனுக்குக் கிடைப்பது அரைக்கதை. சென்னையில் பெரிய புத்தகக் கடையில் புரட்டிப் பார்க்கவாவது வாய்ப்பு உண்டு. திருவேங்கடத்தில் இருந்து சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் பஸ் உண்டு, அந்தக் காமிக்ஸ் இருக்கும் கடைக்குத்தான் பஸ் இல்லை. இதில் குரூப்பில் ஒருத்தன் வந்து, “காமிக்ஸ் படிக்காதவன்லாம் ஃபேனா?” என்று கேட்பான் பாருங்கள். அவன் கேட்பது உங்கள் ரசனையை இல்லை. உங்கள் பர்ஸை.

ஜெயிச்ச காமிக்ஸும் தோத்த காமிக்ஸும்

அதே சமயம், காமிக்ஸ் என்றாலே தொடருக்குத் தொங்கும் வால் என்று ஒதுக்கவும் முடியாது. ஹார்லி க்வின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்ததே காமிக்ஸில் அல்ல. 1992-ல் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில் ஜோக்கரின் அடியாளாக வந்த ஒரு துணைப்பாத்திரம். ஜோக்கரைக் குணப்படுத்தப் போன மனநல மருத்துவரே அவர்மீது காதலாகி ஹார்லியாக மாறிய கதையை, தொடரைச் செய்த பால் டினியும் புரூஸ் டிம்மும் 1994-ல் ‘மேட் லவ்’ என்று காமிக்ஸாக எழுதினார்கள். அது ஐஸ்னர் விருது வாங்கியது. 1999-ல் அதையே எபிசோடாக எடுத்தார்கள். தொடருக்குத் துணையாக வந்த புத்தகம் தொடருக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

‘லோகன்’ படத்தில் வரும் அந்தச் சின்னப் பெண் லாரா? அவரும் 2003-ல் ‘எக்ஸ்-மென்: எவல்யூஷன்’ அனிமேஷன் தொடரில் பிறந்து, பிறகு காமிக்ஸுக்குப் போய், 2017-ல் சினிமாவுக்கு வந்தவர். எது மூலம், எது நிழல் என்று பிரிக்கவே முடியாது.

தோற்ற கதையும் உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களைச் சுற்றிப் பல வருடங்களாக நாவல்கள், காமிக்ஸ்கள், கேம்கள் என்று ஒரு பெரிய உலகமே வளர்ந்திருந்தது. டிஸ்னி வாங்கிய பிறகு, 2014 ஏப்ரலில் ஒரே அறிவிப்பு. அதுவரை வந்த அந்த உலகம் மொத்தமும் இனி ‘லெஜண்ட்ஸ்’, அதாவது செவிவழிக் கதைகள். புதுப் படங்களை அது கட்டுப்படுத்தாது. காசு கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் படித்து, மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் பட்டா ரத்து ஆன மாதிரி.

ஆக, கம்பெனி கொடுக்கும் கேனான் முத்திரை நிரந்தரமும் இல்லை. அது உண்மைச் சான்றிதழ் இல்லை, வியாபார முடிவு. அடுத்த முதலாளி வந்தால் மாறும்.

நம்ம ஊர்ல இதுக்கு வேற பேரு

யோசித்துப் பார்த்தால், இந்த வழக்கை நம்மவர்கள் எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள். கம்பராமாயணப் பதிப்புகளைப் புரட்டியிருந்தால் ‘மிகைப் பாடல்கள்’ என்று ஒரு பகுதியைப் பார்த்திருப்பீர்கள். கம்பர் எழுதியதுதானா என்று சந்தேகம் வந்த பாட்டுகளைப் பதிப்பாசிரியர்கள் கிழித்துப் போடவில்லை. மூலத்தோடு கலக்கவும் விடவில்லை. தனியாகப் பிரித்து அச்சிட்டார்கள். படிக்கிறவன் படித்துக்கொள்ளட்டும், ஆனால் எது எது என்று தெரிந்து படிக்கட்டும். இதைவிட நாகரிகமான கேனான் கொள்கை ஹாலிவுட்டில்கூட இல்லை.

அல்லி அரசாணி? மதுரையை ஆண்ட அல்லிக்கும் அர்ஜுனனுக்கும் நடந்த கல்யாணம் வியாசர் பாரதத்தில் இல்லாத கதை. ஆனால் ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக சந்தையிலும் திருவிழாவிலும் மலிவு விலைக்கு விற்று, நாடகமாகி, சினிமாவாகி, வீட்டில் யாரையாவது “பெரிய அல்லி ராஜ்யம் நடத்துறா” என்று சொல்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. வியாசரிடம் அனுமதி வாங்காமல் வந்த தமிழ் ஸ்பின்-ஆஃப் அது.

தென்காசி, திருநெல்வேலி பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். சுடலைமாடன் கதை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊருக்கு சாமி வந்து சேர்ந்த கதை தனியாகச் சேரும். பக்கத்து ஊர்க் கதையைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. “அது அவங்க ஊர்ல பாடுறது” என்பார்கள். அவ்வளவுதான்.

காமிக்ஸ் விஷயத்திலேயே நமக்கு அனுபவம் உண்டு. திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகாசியில்தான் 1972-ல் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ வாரப் பத்திரிகையில் 1962 முதல் தொடராக வந்த ‘ஸ்டீல் கிளா’, இங்கே முழுப் புத்தகமாக வந்து தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டது. இந்திரஜால் காமிக்ஸில் வேதாளரின் காடு இருக்கும் பங்கல்லா நாடு, டெங்காலி என்று மாறியது. மூலத்தை அறிந்த வெளிநாட்டு ரசிகருக்கு இது திரிபு. படித்து வளர்ந்த நம்ம மாமாக்களுக்கு டெங்காலிதான் நிஜம். அவர்களிடம் போய் “உங்க டெங்காலி கேனான் இல்லை மாமா” என்று சொல்லிப் பாருங்கள். காபிகூடக் கிடைக்காது.

சரி, தீர்ப்பு என்ன?

ஒரு அனிமேஷன் தொடரோடு வரும் காமிக்ஸைக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டால், மூன்று கேள்வி போட்டுப் பாருங்கள்.

ஒன்று, தொடரை எழுதியவர்களே இதையும் எழுதினார்களா? ‘யங் ஜஸ்டிஸ்’, ‘மேட் லவ்’ இரண்டும் இதில் பாஸ். பெயரை மட்டும் வாடகைக்கு விட்டு வேறு யாரோ எழுதியது என்றால் சந்தேகத்தின் பலனைத் தொடருக்கே கொடுங்கள்.

இரண்டு, பிறகு வந்த தொடரோ படமோ இதை ஞாபகம் வைத்திருக்கிறதா? சிவப்பாவை எந்தப் படம் ஞாபகம் வைத்திருக்கிறது? அடுத்து வரப்போகும் ஏதாவது ஒன்றில் கட்டப்பா ஒரே ஒரு முறை “என் தம்பி” என்று சொல்லட்டும், அன்றைக்கு நாவலும் உள்ளே வந்துவிடும். அதுவரை அது மிகைப் பாடல். நல்ல பாடலாகவே இருக்கலாம். ஆனாலும் தனிப் பகுதியில்.

மூன்று, இதைப் படிக்காதவனுக்கும் தொடர் முழுசாகப் புரிகிறதா? மூன்றில் இதுதான் முக்கியம். புரிந்தால், காமிக்ஸ் ஒரு விருந்து. வசதி இருப்பவர்கள் சாப்பிடலாம். புரியவில்லை என்றால், அது படிக்காதவன் தப்பு இல்லை, எடுத்தவர் தப்பு. டூலாவின் மரணத்தைத் தொடரில் காட்டாமல் கேமில் வைத்தது கணக்குப்படி செல்லும். ஆனால் கதை சொல்லும் தர்மப்படி அது கடன். தொடர் பார்த்தவனுக்கு அவர்கள் இன்னும் அந்தக் காட்சியைத் தர வேண்டியிருக்கிறது.

லியோ நேரத்து இரண்டாவது கோஷ்டி சொன்னதும் இதையேதான்: படத்துக்குள்ள சொல்லு, வெளியில வந்து சொல்லாதே. பேட்டியும் காமிக்ஸும் கேமும் கதைக்கு மெருகு போடலாம். கதையின் ஓட்டையை அடைக்க அவற்றை அனுப்பக் கூடாது.

‘எடர்னல் வார்’ வரும்போது அதற்கும் இதே மூன்று கேள்விதான். மேலோகத்துப் போரைப் பார்க்காத ஒருத்தருக்கும் கட்டப்பாவின் வாள் அதே அளவு வலிக்க வேண்டும். வலித்தால், படம் எந்தக் கணக்கில் வந்தாலும் நமக்கு நஷ்டமில்லை.

அதுவரை, குரூப்பில் யாராவது “காமிக்ஸ் படிச்சியாலே? அப்புறம் எதுக்குப் பேசுற?” என்று கேட்டால் கோபப்படாதீர்கள். “உன்கிட்ட இருந்தா கொடு மாப்ள, படிச்சிட்டுத் தர்றேன்” என்று கேளுங்கள். முத்து காமிக்ஸ் ஒரு தெருவுக்கு ஒன்று வாங்கி, கை மாறி கை மாறி, அட்டை கிழிந்து போகும் வரை படித்தவர்கள் இருந்த ஊர்ப்பக்கம் இது. அப்படித்தான் ஒரு கதை எல்லோர் கணக்கிலும் வரும்.